ஆந்த்ரே என்பது எந்தக் கோப்பை?

3 பெப்ரவரி, வென்ட்வேர்த்வில்லில் இருந்து ஒரு வாசகரின் கேள்வி

சிட்னியில் என் சித்தியின் மகன் சாப்பாட்டுக் கடை திறக்கிறான். மெனு அட்டையின் முதல் பக்கத்தில் 'ஆந்த்ரே' என்று தலைப்புப் போட்டு, அதன் கீழே மட்டன் றோல்ஸ், பற்றிஸ், கட்லற் என்று அடுக்கியிருக்கிறான். நியூ ஜேர்சியில் இருக்கும் மச்சான் படத்தைப் பார்த்துவிட்டு, "ஆந்த்ரே என்றால் மெயின் சாப்பாடு. கட்லற்றை அதற்குக் கீழே போட்டால் சனம் சிரிக்கும்" என்கிறார். சித்தி மகன் விடுவதாக இல்லை, இங்கே எல்லாக் கடையிலும் இப்படித்தான் என்கிறான். சொல் பிரெஞ்சு. மொன்றியலில் இருக்கிற அண்ணைமார் யாராவது சொல்லுங்கள், எது சரி? அச்சுக்குப் போக இன்னும் நாள் இருக்கிறது.

3 பெப்ரவரி, இரவு 11.40

சித்தி மகன் சரி, மச்சான் பிழை. பிரெஞ்சில் ஆந்த்ரே என்றால் நுழைவு. இங்கே கடைக் கதவுகளில் உள்ளே போகும் பக்கம் இதே சொல்தான் எழுதியிருக்கும். நுழைவு என்று பெயர் வைத்துவிட்டு அதைக் கொண்டுபோய் நடுவீட்டில் வைப்பவன் அமெரிக்கன் மட்டும்தான். இருபது வருடத்துக்கு மேல் இந்த ஊர்க் குசினிகளில் நின்றவன் சொல்கிறேன். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

4 பெப்ரவரி, காலை 6.15

நித்திரை வரவில்லை. நேற்று எழுதியது வெறும் திமிர். இதே சொல்லால் நானே மூக்குடைபட்ட கதையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

நான் இங்கே வந்தது 1996. எல்லோரையும் போலக் கோப்பை கழுவத்தான் தொடங்கினேன். கோப்பை கழுவுபவனுக்கு இந்த ஊரில் 'ப்ளோன்ழேர்' என்று பெயர். சொல்லுக்குச் சொல் பார்த்தால் முக்குளிப்பவன். மன்னாரில் முத்துக் குளித்தவர்களுக்கு வைக்கவேண்டிய பெயர். மூன்றாம் வருடம் பழைய துறைமுகப் பக்கம் நாற்பது கதிரை உள்ள ஒரு உணவகத்தில் குளிர் மேசைக்கு ஏறினேன். சலாது, தெரின், புகையில் போட்ட சால்மன் எல்லாம் என் கை. முதலாளி பிரான்சில் இருந்து வந்தவர், ஆங்கிலம் நாலு சொல்தான். ஒரு நாள் மெனு அட்டையின் ஆங்கிலப் பக்கத்தை என்னிடம் தந்து, "உனக்கு ஆங்கிலம் தெரியும்தானே, நீ எழுது" என்றார்.

பிரெஞ்சுப் பக்கத்தில் இடது பாதி 'ஆந்த்ரே', வலது பாதி 'ப்லா'. ஆந்த்ரே ஆங்கிலத்திலும் இருக்கிற சொல்தானே என்று அப்படியே விட்டேன். ப்லா என்றால் கோப்பை, அதில் வரும் சாப்பாடு, இரண்டும். நான் 'ப்ளேட்ஸ்' என்று போட்டேன். அன்றைக்கு என் தலைக்குள் நான் ஒரு மொழிபெயர்ப்பாளன்.

கோடைகாலம், சனிக்கிழமை இரவு. எல்லைக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவின் வெர்மொன்ற்றில் இருந்து வந்த நாலு பேர். ப்ளேட்ஸ் என்றால் நடுவில் வைத்துக் கொறிக்கும் சின்னச் சாமான், ஆந்த்ரே என்றால் வயிற்றுக்குப் போடும் சாப்பாடு என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் ஊரில் அதுதான் ஒழுங்கு. ஆகவே "பகிர்ந்து சாப்பிட முதலில் ஒரு ஆட்டுக்கால், பிறகு ஆளுக்கு ஒரு ஆந்த்ரே" என்று சொல்லியிருக்கிறார்கள். பரிமாறிய பெடியன் பல்கலைக்கழகத்தில் படிப்பவன், சொன்னதை அப்படியே எழுதி அனுப்பிவிட்டான். ஓர்டர் சீட்டைப் பார்த்த செஃப் இரண்டு தரம் வாசித்தார். மூன்றாம் தரம் சத்தமாக வாசித்தார். ஆட்டுக்கால் நாலு முள்ளுக்கரண்டியோடு போனது. காலியாகித் திரும்பியது. அதற்குப் பிறகு என் கையால் அடுக்கிய நாலு கோப்பை போனது. கோப்பைக்கு மூன்று துண்டு சால்மன். கீழே இருந்த நீலக் கரை தெரியும் அளவுக்கு மெல்லியது. பக்கத்தில் அரை வட்ட எலுமிச்சை, ஆறு கேப்பர், ஒரு விரல் நீளத் தோஸ்ற்.

மற்ற மூன்று பேரும் சிரித்தார்களாம். நாலாவது ஆள் சிரிக்கவில்லை. கோப்பையைத் தூக்கிக்கொண்டு குசினி வாசலுக்கே வந்துவிட்டார். கத்தவும் இல்லை. மூன்று துண்டையும் விரலால் ஒன்றின் மேல் ஒன்று அடுக்கிக் காட்டினார். அவ்வளவுதான் உயரம்.

அடுத்த நாள் வந்து பார்த்தேன். எல்லா அட்டையிலும் அந்தச் சொல்லின் மேல் பேனையால் ஒரு கோடு, பக்கத்தில் 'ஸ்ராட்டர்ஸ்'. முதலாளியின் கையெழுத்து. எழுத்துப்பிழை வேறு. என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

பிரெஞ்சு எனக்குத் தெரியும் என்ற துணிவில் செய்த வேலை. எழுதியதோ ஆங்கிலப் பக்கம்.

4 பெப்ரவரி, காலை 6.40

தம்பி கேட்டதற்குப் பதில் சொல்லாமல் கதை அளந்துவிட்டேன். அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஆந்த்ரே என்றால் தொடக்கத் தட்டு. அப்படியே விடுங்கள். அதே அட்டையை நியூ ஜேர்சியில் தொங்கவிடுவதென்றால் மச்சான் சொன்னதுதான் சரி.

5 பெப்ரவரி

மதுரையில் இருந்து ஒருவர் கேட்கிறார்: "மீனை ஏன் கோப்பையில் வைத்தீர்கள்? டீ மாதிரி குடிப்பதற்கா?"

ஐயா, யாழ்ப்பாணத்தில் கோப்பை என்றால் சோறு போட்டுச் சாப்பிடுவது. நீங்கள் தட்டு என்று சொல்வது. உங்கள் ஊரில் அது தேநீர் ஊற்றும் பாத்திரம் என்பது இங்கே வந்த பிறகுதான் தெரியும். தஞ்சாவூர்க்காரர் ஒருவர் அறைத்தோழராக இருந்தார். "ஒரு கோப்பை சோறு போதும்" என்றேன் ஒரு நாள். தேநீர்க் கோப்பையால் அளந்து போட்டுத் தந்தார். நாகரிகம் கருதி நானும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வாரம் பசியோடு இருந்தேன்.

யார் சொன்னது பிழை என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

6 பெப்ரவரி, இரவு

"அப்படியென்றால் அமெரிக்கர்தான் பொருளை மாற்றினார்களா" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். நானும் இவ்வளவு காலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். நேற்று இரவு உட்கார்ந்து தேடிப் பார்த்தால் கதை வேறு. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமை இல்லாதவர்கள் தாண்டிப் போகலாம்.

17ஆம் நூற்றாண்டு பிரான்சில் பெரிய வீட்டு விருந்தில் சாப்பாடு ஒவ்வொன்றாக வராது. நம் வாழையிலை மாதிரி, ஒரு சுற்றுக்கு உரியதெல்லாம் ஒரே நேரத்தில் மேசைக்கு வந்துவிடும். முதல் சுற்றில் சூப்பும் ஆந்த்ரேக்களும். இரண்டாம் சுற்றில் நெருப்பில் வாட்டிய இறைச்சி. கடைசியில் பழமும் இனிப்பும். 1651-இல் வந்த லா வாரென் சமையல் நூலிலேயே ஆந்த்ரே ஒரு தனி வகை. அது கொறிக்கும் சாமான் இல்லை. சோஸில் வேகவைத்த சூடான இறைச்சி. கோழி, கன்று, ஆடு என்று கனமாகவே இருக்கும். சாப்பாட்டுக்குள் நுழையும் சுற்றில் வருவதால் நுழைவு. அளவைப் பார்த்து வைத்த பெயர் இல்லை, வந்த நேரத்தைப் பார்த்து வைத்த பெயர்.

19ஆம் நூற்றாண்டில் ரஷ்ய முறை வந்தது. பாரிசில் இருந்த ரஷ்யத் தூதர் குராக்கின் கொண்டுவந்தார் என்று சொல்வதுண்டு. ஒவ்வொரு சாப்பாடாக, ஒன்றுக்குப் பிறகு ஒன்றாகப் பரிமாறுவது. அப்போது எல்லாம் வரிசையில் நின்றன: சூப், மீன், ஆந்த்ரே, பெரிய வாட்டிறைச்சி, சலாது, இனிப்பு. பார்த்தீர்களா, நுழைவு மூன்றாவதோ நாலாவதோ இடத்தில் நிற்கிறது. பெயர் மட்டும் பழையது.

அப்புறம் வரிசை சுருங்கியது. பத்துச் சுற்றுச் சாப்பாடு சாப்பிட யாருக்கு நேரம், யாரிடம் வேலைக்காரர்? அமெரிக்காவில் பின்னால் நின்ற வாட்டிறைச்சி உதிர்ந்தது. மிஞ்சிய கனமான சாப்பாடு ஆந்த்ரே, ஆகவே அதுவே மெயின். பிரான்சில் சொல்லின் நேர்ப்பொருள் எல்லோருக்கும் விளங்கும் என்பதால் அது முன்னால் நகர்ந்துகொண்டே போய் முதல் தட்டில் உட்கார்ந்தது. அமெரிக்கர் இடத்தை விட்டுவிட்டுக் கனத்தை வைத்துக்கொண்டார்கள். பிரெஞ்சுக்காரர் கனத்தை விட்டுவிட்டு இடத்தை வைத்துக்கொண்டார்கள். இரண்டு பேரும் ஆளுக்குப் பாதி.

இதில் என் முகத்தில் கரி பூசியது எது தெரியுமா? 1938-இல் பாரிசில் வெளிவந்த லரூஸ் சமையல் களஞ்சியம். ஆந்த்ரே என்றால் பலர் நினைப்பதுபோல முதல் தட்டு இல்லை என்று அதில் போட்டிருக்கிறது. முதல் நாள் நான் மார்தட்டிச் சொன்ன விளக்கத்தை, பிரெஞ்சுக்காரர்களே அப்போது தங்கள் சனத்தின் பிழை என்று திருத்தியிருக்கிறார்கள்.

6 பெப்ரவரி, பத்து நிமிடம் கழித்து

வரிசை சொன்னேனே, அதைக் கண்ணால் பார்க்க விரும்புபவர்கள் ரைற்றானிக் கப்பலின் கடைசி இரவு மெனுவைத் தேடிப் பாருங்கள். 14 ஏப்ரல் 1912, முதல் வகுப்பு. சிப்பி, சூப், சால்மன் முடிந்த பிறகு ஃபிலே மினியோனும் லியோன் முறைக் கோழியும். அதுதான் ஆந்த்ரே நின்ற இடம். அதற்குப் பிறகு ஆடு, வாத்து, மாடு. அதற்கும் பிறகு புறாக்குஞ்சு! நடுவில் பனிக்கட்டிப் பானம் ஒன்று, இளைப்பாற.

9 பெப்ரவரி

மறுமொழியில் ஒருவர் 'என்ட்ரி' என்று எழுதியதைக் கண்டு இங்கே நாலு பேர் அவரைப் பிடித்து உலுப்புகிறார்கள். விடுங்கள். அவர் தெரியாமல் சொன்னதில் ஒரு விசயம் இருக்கிறது. தமிழ்ப் படத்தில் ஹீரோ என்ட்ரி எப்போது வரும்? முதல் காட்சியிலா? வில்லன் நாலு பேரை வெட்டி, ஊர் அழுது, ஒரு கிழவி வானத்தைப் பார்த்துக் கும்பிட்ட பிறகுதானே. சூப்பும் மீனும் முடிந்து வரும் ஆந்த்ரேயும் அதுதான்.

உச்சரிப்பு வேறு கேட்டிருக்கிறார். பிரெஞ்சில் 'ந்' நாக்கில் படாது, மூக்கோடு போய்விடும். 'ர' தொண்டையில். ஆங்கிலத்தில் பேசும்போது அப்படிச் சொல்லவேண்டாம், கேட்பவர் தடிமனா என்று விசாரிப்பார். ஆங்கிலத்தில் 'ஆன்ட்ரே' போதும்.

13 பெப்ரவரி

தம்பி கேட்கிறார், எழுத்தின் தலையில் இருக்கும் கோட்டைப் போடவேண்டுமா என்று.

பிரெஞ்சில் கட்டாயம். கடைசியில் இரண்டு 'ஈ' இருக்கிறதல்லவா, முதலாவதின் தலையில், வலது பக்கம் ஏறும் கோடு. ஆங்கிலத்தில் போட்டாலும் சரி, விட்டாலும் சரி. அச்சகத்தில் தெரியாது என்றால் விட்டுவிடுங்கள். கோடு இல்லாமல் இருப்பதை யாரும் கவனிப்பதில்லை. இடது பக்கம் சாய்ந்த கோட்டையோ, கடைசி 'ஈ'யின் தலையில் போட்ட கோட்டையோ கண்டால்தான், தெரியாதவன் தெரிந்தவனாக நடித்தான் என்று ஆகிவிடும்.

கோடு என்றதும் தொப்பி நினைவுக்கு வருகிறது. சில பிரெஞ்சு எழுத்துகளின் மேல் கூரை மாதிரி ஒன்று இருக்கும். பல சொற்களில் அது செத்துப்போன ஒரு 'எஸ்'ஸின் நடுகல். ஃபொறே என்பதில் தொப்பியைக் கழற்றி எஸ்ஸை வைத்தால் ஆங்கிலத்தின் ஃபொறெஸ்ற். ஒப்பித்தால் என்பதில் வைத்தால் ஹொஸ்பிற்றல். ஒத்தெல் என்பதில் வைத்தால் ஹொஸ்ரல்.

ஒத்தெல்தான் நம் ஹோட்டல். ஆங்கிலத்தில் தங்கும் இடம், தமிழ்நாட்டில் இட்லி சாப்பிடும் இடம். பிரெஞ்சில் அது இன்னும் அகலம். மொன்றியல் நகரசபைக் கட்டடத்துக்குப் பெயர் 'ஒத்தெல் து வில்'. 1967 யூலை 24 அன்று பிரெஞ்சு சனாதிபதி து கோல் அதன் மாடத்தில் நின்றுதான் "சுதந்திர கியூபெக் வாழ்க" என்று சொல்லிக் கனடா முழுவதையும் கொதிக்க வைத்தார். கியூபெக் என்பது மொன்றியல் இருக்கும், பிரெஞ்சு பேசும் மாகாணம். நான் வந்த புதிதில் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு, இவ்வளவு பெரிய ஹோட்டலில் கோப்பை கழுவ ஆள் தேவைப்படாதா என்று உள்ளே போய் விசாரித்தேன். வாசலில் நின்ற காவலாளி நல்ல மனிதர். வரிகட்டும் சாளரத்தைக் காட்டினார்.

14 பெப்ரவரி

திருத்தம். முதல் நாள் "அமெரிக்கன் மட்டும்தான்" என்றேன். ரொறொன்ரோவில் இருந்து தங்கச்சி தொலைபேசியில் பிடித்துக்கொண்டாள். அங்கே ஆங்கில மெனுக்களில் ஆந்த்ரே என்றால் மெயின் என்று எத்தனையோ கடையில் இருக்கிறதாம். மொன்றியலில் இருந்து காரில் ஆறு மணித்தியாலம், ஒரே நாடு. லண்டனில் இருக்கும் சிநேகிதன் சொல்கிறான், அங்கே ஸ்ராட்டர், மெயின் என்று சொல்லி முடித்துவிடுவார்களாம், இந்தச் சண்டையே இல்லையாம். புத்திசாலிகள்.

20 பெப்ரவரி

"பிரெஞ்சு அகராதியைப் பார்த்து முடிவெடுக்கலாமே" என்று ஒருவர். எந்தப் பிரெஞ்சு?

நான் வந்த காலத்தில் புதிதாக வந்தவர்களுக்கு அரசாங்கம் நடத்திய பிரெஞ்சு வகுப்புக்குப் பெயர் கோஃபி. "எங்கே போகிறாய்" என்று கேட்டால் "கோஃபிக்கு" என்போம். ஊரில் இருந்து கதைக்கும் அம்மா, பெடியன் எந்த நேரமும் கோப்பிக் கடையில் இருக்கிறான் என்று கவலைப்பட்டார். அந்த வகுப்பில் சொல்லித்தந்தது: காலைச் சாப்பாடு தெழனே, மத்தியானம் தினே, இரவு சூப்பே. கியூபெக்கில் அப்படித்தான். நான் சொன்னேனே அந்த முதலாளி, பிரான்சுக்காரர், வேலைக்கு எடுத்த முதல் வாரம் "ஞாயிறு தெழனேக்கு வீட்டுக்கு வா" என்றார். சனவரி மாதம். காலை ஏழு மணிக்கு, கையில் ஒரு கேக் பெட்டியோடு, அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். பிரான்சில் தெழனே என்றால் மத்தியானச் சாப்பாடு! இரவு ஒரு மணிக்குக் கடை பூட்டிப் படுத்த மனிதர். சாரம் மாதிரி ஏதோ சுற்றிக்கொண்டு வந்து கதவைத் திறந்தார். வெளியே மைனஸ் இருபது. உள்ளே விட்டார், கோப்பி போட்டார், சோபாவில் உட்காரவைத்துவிட்டுத் திரும்பவும் படுக்கப் போய்விட்டார். பன்னிரண்டு மணி வரை அவருடைய பூனையும் நானும்.

இதை மதுரை ஐயாவுக்கும் சொல்லவேண்டும். உங்கள் டிபனை மும்பாயில் போய்ச் சொன்னால் தூக்குச்சட்டியைக் காட்டுவார்களாம், உண்மையா?

2 மார்ச்

சட்டம் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. 1977-இன் மொழிச் சட்டப்படி இங்கே மெனு அட்டையில் பிரெஞ்சு இருந்தே ஆகவேண்டும். மற்ற மொழி பக்கத்தில் இருக்கலாம், பிரெஞ்சைவிடத் தூக்கலாகத் தெரியக்கூடாது. 2013-இல் மொன்றியலின் இத்தாலிய உணவகம் ஒன்றுக்கு, மெனுவில் 'பாஸ்தா' என்று இத்தாலியச் சொல் இருக்கிறது என்று மொழி அலுவலகம் கடிதம் போட்டது. உலகமே சிரித்தது. அலுவலகத் தலைவி அடுத்த மாதமே பதவி விலகினார். நாங்கள் அப்போது கடையில் 'கறி' என்பதற்கு என்ன செய்வது என்று ஒரு வாரம் பயந்தோம். பாரிசில் கேஎஃப்சி என்று பலகை வைத்திருக்கும் கோழிக் கடைக்குக் கியூபெக்கில் பெயர் பிஎஃப்கே. பிரான்சைவிடப் பிரெஞ்சு.

9 மார்ச்

இன்று பேருந்தில் வரும்போது தட்டுப்பட்டது. தம்பி, உங்கள் அட்டையில் அந்தத் தலைப்புக்குக் கீழே இருக்கும் மூன்றையும் பாருங்கள்.

கட்லற்: ஆங்கிலத்துக்குப் பிரெஞ்சு 'கோத்லெத்'தில் இருந்து வந்தது. கோத் என்றால் விலா எலும்பு. எலும்போடு வரும் இறைச்சித் துண்டு. எங்கள் கட்லற்றில் ரின்மீனும் உருளைக்கிழங்கும், எலும்பு இருந்தால் சண்டை வரும்.

பற்றிஸ்: பாத்தே. அதே பிரெஞ்சு. அங்கே இறைச்சியை மாவுக்குள் மூடிச் சுட்டது. இது கிட்டத்தட்ட மாறவில்லை. மிளகாய்தான் கூட.

றோல்: பழைய பிரெஞ்சு, சுருள்.

தலைப்பும் பிரெஞ்சு, கீழே நிற்கும் மூன்றும் பிரெஞ்சின் பேரப்பிள்ளைகள். கொழும்பு வழியாக யாழ்ப்பாணம் போய், அங்கே இருந்து கப்பல் ஏறிச் சிட்னிக்கு வந்திருக்கின்றன. எலும்பில்லாத கட்லற்றைக் கட்லற் என்று சொல்ல எங்களுக்கு ஒரு கூச்சமும் இல்லை. ஆந்த்ரேக்கு மட்டும் ஏன் பஞ்சாயத்து வைத்தோம்?

குசினி என்றால் என்ன என்று கேட்டவருக்கு: சமையலறை. இது பிரெஞ்சு இல்லை, போர்த்துக்கேயர் விட்டுப்போனது. பிரெஞ்சு 'குய்சின்' இதற்கு ஒன்றுவிட்ட சகோதரி. முதல் நாள் செஃப் "குய்சின்!" என்று கத்தியபோது, இந்த வெள்ளைக்காரனுக்கு எங்கள் ஊர்த் தமிழ் எப்படித் தெரியும் என்று ஒரு கணம் திகைத்தேன்.

17 மார்ச்

'தாப்ல் தோத்' பற்றிக் கேள்வி வந்திருக்கிறது. இங்கே கியூபெக்கில் முதல் தட்டு, மெயின், சில இடத்தில் இனிப்பும் கோப்பியும் சேர்த்து ஒரே விலை. பிரான்சில் அதற்கு 'மெனு' என்று பெயர். நாம் மெனு என்று சொல்லும் அட்டைக்கு அங்கே 'கார்த்'. பாரிசில் போய் மெனு கேட்டால் சாப்பாடே வந்துவிடும் அபாயம் இருக்கிறது, கவனம்.

அந்தச் சொல்லின் நேர்ப்பொருள் 'ஓத்தின் மேசை'. ஓத் என்றால் விருந்து கொடுப்பவர் என்று எழுத வந்தேன். கொஞ்சம் பொறுங்கள். பிரெஞ்சில் அதே ஓத் விருந்தாளியையும் குறிக்கும். கொடுப்பவனுக்கும் வாங்குபவனுக்கும் ஒரே சொல். யார் சோறு போடுகிறார் என்பதை வசனத்தைப் பார்த்துத்தான் பிடிக்கவேண்டும்.

சிரித்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினால் விருந்து நிற்கிறது. "செல்விருந்து ஓம்பி வருவிருந்து பார்த்திருப்பான்" என்று பள்ளிக்கூடத்தில் பாடமாக்கினோம். அங்கே விருந்து என்பது ஆள், புதிதாக வந்தவர். இன்று "விருந்து எப்படி" என்று கேட்டால் பிரியாணி எப்படி என்றுதான் பொருள். வந்த ஆளின் பெயர், ஆளை விட்டுவிட்டுச் சாப்பாட்டில் ஏறிவிட்டது. செல்விருந்து என்றால் பார்சல் கட்டிக்கொடுப்பது என்று என் மகன் சொன்னான். அவனுக்குக் குறளைச் சொல்லிக்கொடுத்தது நான்தான்.

வள்ளுவர் எழுந்து வந்து கல்யாண அழைப்பிதழைப் பார்த்துப் பொருள் பிழை என்று சொன்னால் நாம் என்ன செய்வோம்? முதலில் இலை போட்டு உட்காரவைப்போம்.

18 மார்ச்

மேலே உள்ள வள்ளுவர் பகிடிக்கு மூன்று பேர் கோபித்திருக்கிறார்கள். பகிடி என்றால் நகைச்சுவை. அதற்கும் விளக்கம் எழுதவேண்டியதாகிவிட்டது.

30 மார்ச்

எல்லாவற்றையும் மன்னிக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். சிலது எனக்கும் பொறுக்காது.

அமெரிக்க மெனுக்களில் 'வித் ஆ ஜூ' என்று இருக்கும். மாட்டிறைச்சி சான்ட்விச்சோடு ஒரு கிண்ணத்தில் இறைச்சிச் சாறு வரும், அதற்கு. 'ஆ ஜூ' என்றாலே சாறோடு. 'வித் ஆ ஜூ' என்றால் சாறோடோடு. அதைவிட மோசம் 'சூப் டு ஜூர் ஒஃப் த டே'. டு ஜூர் என்றால் அன்றைய தினத்தின். அன்றைய தினத்தின் இன்றைய சூப்.

என் மனைவி இதைக் கேட்டுவிட்டு, "நீங்கள் நேற்று நடுச்சென்ரரில் காரை விட்டேன் என்று சொன்னீர்கள்" என்றாள். சொன்னேன்தான். கேட்டு வாசல் என்றும் சொல்வேன். அது வேறு.

வேறு இல்லை, இரண்டு நாள் யோசித்துப் பார்த்தேன். ஆ ஜூவை அந்தக் கிண்ணத்தில் இருக்கும் சாமானின் பெயராகவே அமெரிக்கர் எடுத்துக்கொண்டுவிட்டார்கள், சட்னி மாதிரி. அப்படி எடுத்துக்கொண்டால் 'வித்' தேவைதான். வாசிக்கும் யாருக்கும் குழப்பம் இல்லை, கிண்ணத்தில் சாறு வருகிறது, முடிந்தது. என் சால்மன் கோப்பையில்தான் இலக்கணம் சரியாகவும் சாப்பாடு பிழையாகவும் வந்தது.

சூப் விசயத்தில் மட்டும் மாறமாட்டேன்.

11 ஏப்ரல்

தம்பி அனுப்பிய படம் பார்த்தேன். அட்டை அச்சாகி வந்துவிட்டது. 'ஆந்த்ரே' அப்படியே இருக்கிறது, கோடு இல்லாமல், நல்லது. கீழே றோல்ஸ், பற்றிஸ், கட்லற். பக்கத்தில் எத்தனை துண்டு என்று இலக்கம் போட்டிருக்கிறார்கள், கோப்பைக்கு இரண்டு. நியூ ஜேர்சி மச்சான் சிட்னிக்கு வந்தாலும் ஏமாறமாட்டார். இந்த இலக்கத்தை யார் யோசித்தார்களோ, 1999-இல் எனக்குத் தோன்றியிருந்தால் வெர்மொன்ற் மனிதர் குசினி வரை நடந்திருக்கமாட்டார்.

இரண்டாம் பக்கம் மெயின்ஸ், சரி. கொத்துரொட்டி, இடியப்பம், ஆட்டுக்கறி.

மூன்றாம் பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே கொட்டை எழுத்தில்: 'சூப் டு ஜூர் ஒஃப் த டே'. கீழே ஒரே ஒரு வரி, றசம்.

திருத்தச் சொல்லி உடனே எழுதினேன். முந்நூறு அட்டை அடித்தாகிவிட்டதாம். றசம் தினமும் உண்டாம்.